சிறிய பாய்மரப் படகுக்கு வீட்டிலேயே செய்த காற்றுச் சுக்கான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் படகு 24 அடி. மலேசியாவின் லங்காவியில் கட்டிக் கிடக்கும். அதன் பின்பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் ஒட்டுப்பலகையுமாக ஒரு சாமான் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இது என்ன டிவி ஆண்டெனாவா?" என்று கேட்காதவர் குறைவு. அது காற்றுச் சுக்கான்: ஆள் பிடிக்காமலேயே காற்றைக் கொண்டு படகைத் தானாக ஓட்டும் சாமான். ஆண்டெனா இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, அதற்கடுத்தது என்று படகுத்துறையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் பொறியாளன் இல்லை. ஒன்றைச் செய்து கெடுத்து, இரண்டாவதை உருப்படியாகச் செய்தவன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. அணியம் படகின் முன்பக்கம், அமரம் பின்பக்கம். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். இவையெல்லாம் நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரரான என் தாத்தாவின் சொற்கள். வேறு சொல் எனக்கு வாயில் வராது.

மோட்டார் இல்ல, பேட்டரி இல்ல. வெறும் காத்து எப்படிங்க சுக்கானைத் திருப்பும்?

கூரைமேல் நிற்கும் காற்றுகாட்டிச் சேவலை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சேவலுக்குப் பதில் ஒரு மெல்லிய தகடு. படகு சரியான கோணத்தில் ஓடும்போது தகட்டின் விளிம்பு மட்டும் காற்றைப் பார்க்கும். தகட்டை அப்படி நிறுத்திச் சுக்கானோடு இணைத்துவிடுகிறோம். படகு கொஞ்சம் திரும்பினால் தகட்டின் அகலப் பக்கத்தில் காற்று படும், தகடு ஒரு பக்கம் தள்ளப்படும். அந்த அசைவைச் சுக்கானுக்குக் கொண்டுபோனால் படகு பழைய கோணத்துக்கு வரும். வந்ததும் தகடும் பழையபடி நிற்கும்.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் தகட்டில் படும் காற்றுக்கு ஒரு சுக்கானை இழுத்துத் திருப்பும் பலம் பெரும்பாலும் கிடையாது. அந்தப் பலத்தை எங்கிருந்து கடன் வாங்குவது என்பதில்தான் எல்லாச் சாமர்த்தியமும் இருக்கிறது. கீழே வகைகளைப் பற்றிய கேள்வியில் அது வரும்.

அப்ப காம்பஸைப் பார்த்துப் போகாதா?

போகாது. அதற்குத் தெரிந்தது காற்று ஒன்றுதான். வடக்கே போகச் சொல்லி விட்டுவிட்டு நீங்கள் சோறு வடித்து முடிப்பதற்குள் காற்று முப்பது பாகை திரும்பியிருந்தால் படகும் முப்பது பாகை திரும்பியிருக்கும். பாய் ஒன்றும் படபடக்காது, எல்லாம் சுகமாகவே இருக்கும், கரைதான் தப்பான இடத்தில் தெரியும். இரவில் தரைக்காற்று கிளம்பும் கரையோரங்களில் இதை மறக்கவே கூடாது. நான் அரை மணிக்கு ஒருமுறை காம்பஸைப் பார்க்கிறேன்.

இதையே குறையாகச் சொல்பவர்களுக்கு ஒன்று: காற்றை எதிர்த்து மேலே ஏறும்போது காம்பஸைவிடக் காற்றைத்தான் பின்பற்ற வேண்டும். காற்றின் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் இது திரும்பிக் கொடுக்கும். நான் கையால் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கவனம் சிதறிவிடும்.

ஆட்டோபைலட்னு கடையில விக்குதே, அதை வாங்கி மாட்டிட்டா போச்சு. எதுக்கு இந்தத் தச்சு வேலை?

சுக்கான் பிடியில் மாட்டும் சின்ன மின்சார ஆட்டோபைலட் என்னிடமும் இருக்கிறது. எஞ்சினில் ஓடும்போது அதுதான் வேலை செய்கிறது. ஆனால் அலை பெரிதாகப் பெரிதாக அது மின்சாரத்தைக் குடிக்கும், முனகும். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் அதோடு சரி. காற்றுச் சுக்கான் நேர்மாறு. காற்று ஏற ஏற அதற்கும் பலம் ஏறும்.

உலகத்தைத் தனியாகச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயம் 2018-இல் மீண்டும் தொடங்கியபோது, 1968-இல் இருந்த வசதிகள் மட்டுமே அனுமதி என்று விதி வைத்தார்கள். மின்சார ஆட்டோபைலட்டுக்கு இடமில்லை, காற்றுச் சுக்கான் மட்டும்தான். இந்தியரான அபிலாஷ் டோமி 2023-இல் அதில் இரண்டாவதாக வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட ஒன்றை நம்பித்தான்.

யார் கண்டுபிடிச்சது இதை?

ஒருவர் என்று சொல்ல முடியாது. பொம்மைப் படகுப் பந்தயக்காரர்கள்தான் முன்னோடிகள். குளத்தில் விட்ட படகைப் பிடித்து ஓட்ட ஆள் கிடையாதே. 1936-இல் மரேன்-மரீ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மோட்டார்ப் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது இதேபோல் ஒரு காற்றுத்தகட்டைப் பயன்படுத்தினார்.

எல்லாரும் கவனித்தது 1960-இல். இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் பந்தயம், ஐந்தே படகுகள். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலில் வந்தார். அவர் படகில் இருந்த காற்றுச் சுக்கானுக்கு மிராண்டா என்று பெயர் வைத்திருந்தார். 48 நாளில் இரண்டாவதாக வந்தவர் பிளாண்டி ஹாஸ்லர், ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகில். இன்று கடலில் பார்க்கும் ஊசல் துடுப்பு வகைக்குத் தகப்பன் அவர்தான்.

ஒண்ணுமே செய்யாம, கயிறு கட்டியே படகைத் தானா ஓட வைக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். பலகையை அறுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. ஜோஷுவா ஸ்லோகம் 1895-இலிருந்து 1898 வரை ஸ்பிரே என்ற படகில் தனியாக உலகத்தைச் சுற்றினார். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள வியாழன் தீவிலிருந்து (Thursday Island) இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவு வரை 2,700 கடல் மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. தகடும் கிடையாது, துடுப்பும் கிடையாது. பாய்களைச் சரியாக வைத்துச் சக்கரத்தைக் கட்டிவிட்டார், அவ்வளவுதான். நீளமான அடிக்கட்டை உள்ள படகு அது. நம் படகுகள் அவ்வளவு சொன்ன பேச்சு கேட்காது.

நம் படகுக்கு முறை இது. முன்பாயின் தாமானில் ஒரு சிறு கயிற்றை முடிச்சுப் போட்டு, காற்று வரும் பக்கத்தில் ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து சுக்கான் பிடியில் கட்டுங்கள். பிடியின் மறுபக்கத்தில், காற்று போகும் பக்கமாக ஒரு ரப்பர் குழாயைக் கட்டுங்கள். மருத்துவமனையில் கையில் இறுக்கிக் கட்டுவார்களே, அந்த மாதிரிக் குழாய். துணி சுற்றிய எலாஸ்டிக் கயிறு வேண்டாம். அது ஓரளவுக்கு மேல் நீளாமல் விறைத்துவிடும். இப்போது ஒரு காற்று வீச்சு அடித்தால் படகு காற்றுக்குள் தலையைத் திருப்பப் பார்க்கும். அதே வீச்சில் தாமானும் விறைக்கும், பிடியைக் காற்று வரும் பக்கம் இழுக்கும், படகு விலகி வரும். வீச்சு தணிந்தால் ரப்பர் பிடியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

காற்று முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும்வரை இது அருமையாக ஓடும். பின்னாலிருந்து வந்தால் தகராறு. ஆனால் இதை ஒரு வாரம் செய்து பார்த்தால் உங்கள் படகின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். தாமானை எவ்வளவு விட்டால் சுக்கான் லேசாகிறது, பெரிய பாயை எப்போது சுருக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். இரண்டு விரலால் பிடித்து ஓட்ட முடியாத படகை எந்தக் காற்றுச் சுக்கானும் ஓட்டாது.

என்னோடது 22 அடிதான் அண்ணே. இவ்வளவு சின்னதுக்கு வைக்கலாமா?

வைக்கலாம். சுக்கான் அமரத்துக்கு வெளியே தொங்கி, நேரடிப் பிடியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எடையை மட்டும் பாருங்கள். சின்னப் படகின் அமரத்தில் இருபது கிலோவைத் தொங்கவிட்டால் அணியம் தூக்கிக்கொள்ளும். என்னுடையது பதினோரு கிலோ.

வேகமாகப் பறக்கும் இரட்டை உடல் படகுக்கு இது ஒத்துவராது. படகின் வேகம் சட்டென்று கூடினால் அதன்மேல் உணரப்படும் காற்று முன்பக்கமாக நகர்ந்துவிடும். தகடு அதைப் பார்த்துக் காற்றே திரும்பிவிட்டது என்று ஏமாந்துபோகும்.

எத்தனை வகை இருக்கு? வீட்ல செய்ய எது லாயக்கு?

பலத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை வைத்து மூன்று. முதலாவதில் தகடே நேராகச் சுக்கானையோ தனியான ஒரு சிறு சுக்கானையோ திருப்பும். எளிமை, ஆனால் பெரிய தகடு வேண்டும், இளங்காற்றில் சோம்பிவிடும்.

இரண்டாவது, குட்டிச் சுக்கான். பெரிய சுக்கானின் பின்விளிம்பில் ஒரு ஒடுக்கமான பலகையைக் கீல் வைத்து மாட்டுவது. தகடு அந்தக் குட்டியை மட்டும் திருப்பும். குட்டி இடப்பக்கம் திரும்பினால் தண்ணீர் அதைத் தள்ளி, பெரிய சுக்கான் வலப்பக்கம் போகும். தகட்டுக்கு வேலை மிகக் குறைவு, பலம் முழுக்கத் தண்ணீருடையது. சுக்கான் வெளியே தொங்கும் படகுக்கு வீட்டில் செய்ய இதைவிட மலிவானது இல்லை. பிரெஞ்சுக் கடலோடி முவாத்தெசியே தன் ஜோஷுவா படகில் வைத்திருந்ததும் இந்த வகையே.

மூன்றாவது, ஊசல் துடுப்பு. அமரத்தில் ஒரு துடுப்பு தண்ணீருக்குள் தொங்கும். தகடு அதைச் சில பாகை முறுக்கினால், ஓடும் தண்ணீர் அதைப் பக்கவாட்டில் வீசித் தள்ளும். அந்த வீச்சைக் கயிறு பிடித்துச் சுக்கான் பிடியை இழுக்கும். ஓடும் காரில் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சற்றே சாய்த்தால் தூக்குமே, அதே சங்கதி. என் துடுப்பு 15 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் அதிலிருந்து ஏறக்குறைய 30 கிலோ இழுவிசை வரும் என்பது என் கணக்கு. வேகம் பாதியானால் விசை பாதியாகாது, நாலில் ஒன்றாகிவிடும். செய்வது சிரமம்தான். ஆனாலும் சுக்கான் படகுக்கு அடியில் மறைந்திருந்ததால் எனக்கு இதுதான் வழி.

தகடு செங்குத்தா நின்னு சுத்தணுமா, இல்ல பக்கவாட்டுல சாயணுமா?

இரண்டும் உண்டு. அச்சு செங்குத்தாக இருந்தால் சேவல் மாதிரி சுழலும். படகு பத்துப் பாகை விலகினால் தகடும் பத்துப் பாகைதான் திரும்பும், விசையும் குறைவு. அச்சு படுத்திருந்தால் தகடு மரம் சாய்வதுபோல் சாயும். சின்ன விலகலுக்கே பெரிய சாய்வு, பெரிய விசை. அதே பலத்துக்கு மிகச் சின்னத் தகடு போதும்.

ஆனால் அச்சை முழுக்கப் படுக்கவைத்தால் தகடு சாய ஆரம்பித்த பிறகு நிற்காது, கடைசிவரை விழுந்துவிடும். படகும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஆடும். அதனால் அச்சின் காற்று வரும் பக்க முனையை ஏறக்குறைய 20 பாகை உயர்த்த வேண்டும். அப்போது சாயச்சாயத் தகடு தானே காற்றுக்கு விளிம்பைக் காட்டி ஓரிடத்தில் நின்றுவிடும். என் முதல் சாமானில் இது தெரியாமல் சமமட்டம் வைத்து அச்சைப் படுக்கவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என்ன பலகை, என்ன சைஸ், எங்க வாங்கறது?

தகட்டுக்கு 4 மி.மீ. ஒட்டுப்பலகை, 25 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரம். வார்னிஷ் மூன்று பூச்சு. தேர்தல் விளம்பரத்துக்குப் பயன்படும் நெளிவுப் பிளாஸ்டிக் அட்டையும் இளங்காற்றுக்கு நன்றாக வேலை செய்யும், எடையே இல்லை. அச்சுக்குக் கீழே ஈயக்கட்டி எதிரெடை. காற்றில்லாத இடத்தில் தகடு மெல்ல நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு மட்டும் ஈயம் போதும்.

துடுப்புக்கு நல்ல நேர்நார் மரம். முன்விளிம்பு உருண்டை, பின்விளிம்பு கூர்மை, மீன் உடம்பு மாதிரி. திருப்பு அச்சு முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் தகட்டின் சின்ன விசைக்கே துடுப்பு முறுக்கிக் கொடுக்கும். கால்பங்கைத் தாண்டிப் பின்னால் போனால் துடுப்பு தானாகத் திரும்பிக்கொள்ள ஆரம்பிக்கும். ஆணி, போல்ட்டு எல்லாம் 316 ரக எஃகு. அலுமினியத்தில் எஃகு தொடும் இடத்தில் நடுவே பிளாஸ்டிக் வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் பொடியாகிவிடும்.

சுழலும் இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முதல் தடவை நைலான் உருளை கடைந்து போட்டேன். கரையில் வெண்ணெய் மாதிரி சுழன்றது. கடலில் மூன்றாம் நாள் துடுப்பு அசையவில்லை. நைலான் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். இரண்டாம் தடவை சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வாங்கி அறுத்துத் துளைபோட்டேன். பாலிஎதிலீன் ஊதாது, எண்ணெயும் கேட்காது. துளையைத் தளர்வாகவே விடுங்கள், லொடலொட என்று ஆடினாலும் பரவாயில்லை. எல்லாம் பூட்டிய பிறகு கரையில் ஒரு சோதனை: இரண்டு மீட்டர் தள்ளி மேசை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். தகடு சாய்ந்து துடுப்பையும் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எவ்வளவு செலவாச்சு?

எனக்கு 1,100 ரிங்கிட். பாதி வெல்டிங் கூலி. கெடுத்த முதல் சாமானுக்கு 600, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் புதிதாக வாங்கினால் பல ஆயிரம் அமெரிக்க டாலர்.

எல்லாம் மாட்டிட்டேன். தகடு சரியா சாயுது, ஆனா படகு தப்பான பக்கம் ஓடுது!

கயிறு இரண்டையும் இடம் மாற்றிக் கட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன்.

படகு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது சார். தகடு சின்னதா?

பெரும்பாலும் தகட்டின்மேல் பழி இல்லை. முதலில் கைப்பிடியைக் கயிற்றிலிருந்து கழற்றிவிட்டுக் கையால் ஓட்டிப் பாருங்கள். பிடி கனமாக இழுத்தால் பாய்தான் காரணம். பெரிய பாயைச் சுருக்குங்கள், தாமானை விடுங்கள். ரப்பர் குழாய்க் கேள்வியில் சொன்ன இரண்டு விரல் கணக்குதான் இங்கேயும்.

அது சரியாக இருந்தால் கயிற்றைப் பாருங்கள். சுக்கான் திரும்பும் முன் கயிறு தொய்வை வாங்கிக்கொண்டால் எல்லாம் தாமதமாகவே நடக்கும். நீளாத கயிறு போடுங்கள், கப்பிகளைக் குறையுங்கள். ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் பலத்தைத் தின்னும். பிடியில் கயிறு கட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். சுக்கான் அச்சிலிருந்து தள்ளிக் கட்டினால் திருப்பம் சின்னதாகும், ஆட்டம் அடங்கும்.

இன்னும் அடங்காவிட்டால் துடுப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. துடுப்பு பக்கவாட்டில் வீசப்பட வீசப்பட, அதன் முறுக்கு தானாகக் குறைந்து தண்ணீரோடு நேராக வேண்டும். கம்பெனி சாமான்களில் இதற்குப் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். நாம் செய்வதில், தகட்டிலிருந்து வரும் தள்ளுகம்பி துடுப்பின் கையில் சேரும் புள்ளியை ஊசல் அச்சின் மட்டத்திலிருந்து சில செ.மீ. மேலோ கீழோ நகர்த்தினால் போதும். மேலா கீழா என்று தாளில் கணக்குப் போட வேண்டாம். தகட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தள்ளும் பக்கமாகத் துடுப்பைக் கையால் தள்ளுங்கள். அது நேரானால் சரி. இன்னும் அதிகமாக முறுக்கிக்கொண்டால் புள்ளி தப்பான பக்கம் இருக்கிறது.

காத்து பின்னாலருந்து வந்தா மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஏன்?

ஏனென்றால் நீங்கள் காற்றோடு சேர்ந்து ஓடுகிறீர்கள். 10 நாட் காற்றில் 5 நாட் வேகத்தில் நேராக முன்னே போனால் தகட்டில் படுவது 5 நாட்தான். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது நாலில் ஒரு பங்கு. பின்னாலிருந்து வரும் அலை வேறு அமரத்தைத் தூக்கித் திருப்பும். இயந்திரத்துக்கு மிகவும் கஷ்டமான நேரம் இது.

நெளிவுப் பிளாஸ்டிக்கில் அரை மடங்கு உயரம் கூடிய ஒரு தகடு இதற்கென்றே வைத்திருக்கிறேன். பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயில் மட்டும் ஓடினால் பாதித் தொல்லை தீரும். இழுவை முன்னால் இருப்பதால் படகு தானாகவே நேராகப் போகப் பார்க்கும். அப்படியும் சரிவராவிட்டால் நேர்ப் பின்காற்றை விட்டு இருபது பாகை ஒதுங்கி ஓடுவேன். தூரம் கொஞ்சம் கூடும், தூக்கம் நிறையக் கிடைக்கும்.

காத்தே இல்லாம எஞ்சின்ல போகும்போது?

தகட்டைக் கழற்றுங்கள். ஊசல் துடுப்பு வகையாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. தகட்டின் எதிரெடைக் கம்பியில் மிகச் சின்ன மின்சார ஆட்டோபைலட்டை மாட்டிவிட்டால் அது தகட்டுக்குப் பதிலாகத் துடுப்பை முறுக்கும், பலத்தைத் தண்ணீர் கொடுக்கும். மின்சாரச் செலவு மிகச் சொற்பம். காம்பஸைப் பார்த்தும் போகும்.

மரக்கட்டை, வலைக்கயிறு இடிச்சா துடுப்பு என்ன ஆகும்?

மலாக்கா நீரிணையில் மரக்கட்டைக்குப் பஞ்சமில்லை. எது உடைய வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட வேண்டும். துடுப்பைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் மென்மரக் குச்சி ஒன்றை ஆணியாகப் போட்டிருக்கிறேன். இடித்தால் குச்சி முறியும், துடுப்பு பின்னால் தூக்கிக்கொள்ளும், ஒரு கயிற்றில் தொங்கும். குச்சிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. இதுவரை நான்கு செலவாகியிருக்கிறது, நான்கும் வலைக்கயிற்றுக்கு.

அது பாட்டுக்கு ஓட்டும்னா ராத்திரி நிம்மதியா தூங்கலாமா?

கடல் போக்குவரத்து விதிகளில் ஐந்தாவது, எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. இது கப்பலைப் பார்க்காது, மீன்பிடி படகைப் பார்க்காது. கப்பல் பாதையில் நான் தூங்குவதில்லை. கரையை விட்டு விலகிய பிறகும் இருபது நிமிடத்துக்கு மணி வைத்துத்தான் கண் அயர்வேன்.

அதைவிட எனக்குப் பயம் வேறு. கையால் ஓட்டும் படகில் நீங்கள் விழுந்தால் படகு பெரும்பாலும் காற்றுக்குள் திரும்பித் தடுமாறி நிற்கும். இது நிற்காது. நீங்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே சரியான கோணத்தில் அழகாகப் போய்விடும். தனியாக இருந்தால் கூடத்திலிருந்து வெளியே காலெடுத்து வைக்கும் முன்பே இடுப்புக் கயிற்றை மாட்டிவிடுவேன். அமரத்திலிருந்து முப்பது மீட்டர் மிதவைக் கயிறு ஒன்றும் பின்னால் இழுபடும். அதைப் பிடித்து இழுத்தால் சுக்கான் பிடியிலுள்ள கொக்கி கழன்று படகு காற்றுக்குள் திரும்பும். துறைமுகத்தில் இதைச் சோதித்திருக்கிறேன், நடுக்கடலில் சோதிக்க ஆசையில்லை.

நடுவழியில ஒடிஞ்சு போச்சுன்னா?

ஒடியும். 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகத்தைச் சுற்றினாரே, அவருடைய சுஹைலி மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அதிலிருந்த காற்றுச் சுக்கான் ஆஸ்திரேலியாப் பக்கம் வந்தபோது உடைந்து பயனற்றுப்போனது. மீதி வழி முழுக்க, கேப் ஹார்னையும் சுற்றி, பாய்களைச் சமன்செய்து சுக்கானைக் கட்டியே ஓட்டினார். மொத்தம் 312 நாள். அதுதான் முதல் கோல்டன் குளோப் பந்தயம். ஒன்பது பேர் கிளம்பியதில் திரும்பி வந்து முடித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் படகில் தகடு இரண்டு, துடுப்பு ஒன்று, மென்மரக் குச்சி டப்பா, காய் நறுக்கும் பலகையின் மீதித் துண்டு எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும். குழாய் மட்டும் பெட்டியில் இல்லை. சுக்கான் பிடிக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் சுருட்டித் தொங்குகிறது.